ரெட்டை சிலிண்டர் இருந்தும் அடுப்பு ஏன் அணைகிறது?

எங்கள் வீட்டுக்கு ரெட்டை சிலிண்டர் வந்தது அம்மாவின் பிடிவாதத்தால். ஒற்றைச் சிலிண்டர் காலத்தில் விருந்தாளி வரும் நாளாகப் பார்த்துத்தான் கேஸ் தீரும். பாதி வெந்த சாதத்தைக் குக்கரோடு தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நான் இரண்டு மூன்று முறை ஓடியிருக்கிறேன். ரெட்டை வந்த பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டார்: "ரெண்டாவதை மாட்டின அன்னைக்கே அடுத்ததுக்கு புக் பண்ணிடணும்." பல வருடம் அது பிசகாமல் ஓடியது.

அப்புறம் ஒரு டேங்கர் லாரி ஸ்டிரைக். புக் செய்தது செய்தபடியே கிடந்தது, சிலிண்டர் வரவில்லை. எதிர் வீட்டில் வேறு கம்பெனி இணைப்பு. அங்கே கேட்கலாம் என்று போனால் அவர்களுக்கும் அதே கதை. சிலிண்டரில் கம்பெனிப் பெயர் வேறாக இருந்து என்ன பயன், லாரி ஓடினால்தானே இரண்டிலும் கேஸ்? மாடியில் குடியிருந்தவர்கள் மட்டும் கவலையில்லாமல் இண்டக்‌ஷன் அடுப்பில் தோசை சுட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனதும் அவர்களும் எங்களோடு ஓட்டலுக்கு வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

விநியோகச் சங்கிலி, அதாவது சப்ளை செயின் என்பதை முதன்முறையாகப் படிப்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கையில் ஸ்டாக் வைப்பது ரெட்டை சிலிண்டர். இரண்டாவது சப்ளையரைப் பிடித்து வைப்பது எதிர் வீட்டு இணைப்பு. இரண்டு சப்ளையருக்கும் பின்னால் ஒரே லாரி நிற்பது நமக்குத் தெரியாமல் இருக்கும் ஆபத்து. இண்டக்‌ஷன் அடுப்பு, வேலையையே வேறு வழியில் முடிக்கத் தெரிந்திருப்பது. அடி விழுந்தாலும் வேலை நிற்காமல், நின்றாலும் சீக்கிரம் எழுந்து ஓடும் தன்மையை மீள்திறன் என்கிறார்கள். இனி பெரிய கம்பெனிகளுக்கு நடந்ததைப் பார்ப்போம்.

2000ஆம் ஆண்டு மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மின்கம்பி ஒன்றில் இடி விழுந்தது. அதனால் மின்சாரம் ஏறி இறங்க, ஆல்புகர்க்கி நகரில் இருந்த பிலிப்ஸ் கம்பெனியின் சிப் தொழிற்சாலைக்குள் ஒரு உலையில் தீ பிடித்தது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். நம் ஊரில் என்றால் மறுநாள் பேப்பரில்கூட வந்திருக்காது.

ஆனால் சிப் செய்யும் அறை என்பது ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரைவிடப் பல மடங்கு சுத்தமாக இருக்க வேண்டிய இடம். தலைமுடியில் சிறு பங்கு அளவுள்ள தூசு விழுந்தாலே சிப் வீண். அந்த அறைக்குள் புகையும், தீயணைப்பு வீரர்கள் பீய்ச்சிய தண்ணீரும், அவர்களுடைய பூட்ஸ் மண்ணும் போயின. தீயில் எரிந்தது கொஞ்சம்தான். லட்சக்கணக்கான கைபேசிகளுக்கான சிப்புகளை வீணாக்கியது அந்தப் புகையும் அழுக்கும்தான்.

அந்த ஆலையின் பெரிய வாடிக்கையாளர்கள் இருவர்: ஃபின்லாந்தின் நோக்கியா, ஸ்வீடனின் எரிக்சன். திங்கட்கிழமை பிலிப்ஸ் இருவருக்கும் ஃபோன் செய்து ஒரே சேதியைச் சொன்னது: சின்னத் தீ விபத்து, சரக்கு ஒரு வாரம் தாமதமாகும்.

நோக்கியாவில் அந்த ஃபோனை எடுத்தவர், ஒரு வாரம்தானே என்று விட்டுவிடவில்லை. மேலதிகாரிகளுக்குச் சொன்னார். அந்தச் சிப்புகளைத் தனியாகக் கண்காணிக்கும் பட்டியலில் ஏற்றினார்கள். வழக்கமாக வாரத்துக்கு ஒரு தடவை விசாரிப்பதைத் தினமும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் இன்ஜினியர்களை அனுப்புகிறோம், கூடமாட உதவுவார்கள் என்றார்கள். பிலிப்ஸ் வேண்டாம் என்றது. தினமும் கேட்டுக்கொண்டே இருந்ததில்தான் ஒரு வாரம் என்பது பல வாரம், பல மாதம் என்று நீளப்போவது தெரிந்தது. கிட்டத்தட்ட 40 லட்சம் கைபேசிகளின் உற்பத்தி தொங்கலில் இருந்தது.

உடனே மூன்று வழியில் இறங்கினார்கள். நோக்கியாவின் தலைவர் யோர்மா ஒல்லிலா பிலிப்ஸ் தலைமையிடமே பேசி, உங்களுடைய மற்ற ஆலைகளில் எங்கே இடம் இருக்கிறதோ அதையெல்லாம் எங்களுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டு வாங்கினார். வேறு கம்பெனிகளும் செய்யக்கூடிய சிப்புகளை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த சப்ளையர்களுக்கு மாற்றிவிட்டார்கள். சிலவற்றின் வடிவமைப்பையே மாற்றி, வேறு இடத்தில் செய்ய ஏற்றதாக்கினார்கள். மாடி வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு இதுதான்.

எரிக்சனிலும் யாரோ ஒருவர் ஃபோனை எடுத்தார். ஒரு வாரம்தானே என்று நம்பினார். விஷயம் மேலே போய்ச் சேர வாரங்கள் ஆயின. சேர்ந்தபோது பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் இருந்த இடத்தை நோக்கியா பிடித்திருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று எரிக்சன் தொண்ணூறுகளிலேயே சில சிப்புகளுக்கு ஒரே சப்ளையர் போதும் என்று முடிவெடுத்திருந்ததால், வேறு கதவைத் தட்டவும் வழியில்லை. சிப் இல்லாமல் இழந்த விற்பனை ஏறத்தாழ 40 கோடி டாலர். 2001இல் எரிக்சனின் கைபேசித் தொழில் சோனியோடு கூட்டுச் சேர்ந்து சோனி எரிக்சன் ஆனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, பழியை முழுக்க இந்தத் தீயின் மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் ஒரே தீ, ஒரே ஃபோன், இரண்டு கம்பெனி என்று ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு சுத்தமான உதாரணம் கிடைப்பது அபூர்வம். ஸ்ரீபெரும்புதூரில் பிற்பாடு ஆலை போட்டு, 2014இல் அதை மூடிய அதே நோக்கியாதான் என்பதால் நமக்கு இந்தக் கதை கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. ஒரு தீயில் தப்பிய கம்பெனி எல்லாவற்றிலும் தப்பிக்கும் என்று சட்டமில்லை.

இந்தக் கதையில் பலரும் "ஒரே சப்ளையரை நம்பாதே" என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. நோக்கியாவுக்கும் அந்த ஆலைதான் ஆதாரமாக இருந்தது. கெட்ட செய்தி ஒரு கம்பெனியில் கீழிருந்து மேலே உடனே போனது, இன்னொன்றில் போய்ச் சேர வாரங்கள் ஆயின. அந்த வித்தியாசம்தான் கதையைத் தீர்மானித்தது. கெட்ட செய்தி சொல்பவரைத் திட்டும் ஆபீஸில் எத்தனை சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டாலும் இது சரியாகாது.

சரி, ஒரே சப்ளையர் என்பது அப்படியென்ன பாவமா? டொயோட்டாவைப் பார்க்கலாம்.

காரில் பிரேக் மிதிக்கும்போது முன் சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம், பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் ஒரு வால்வு உண்டு. கைக்குள் அடங்கிவிடும். விலையும் அற்பம். குக்கருக்கு கேஸ்கட் எப்படியோ அப்படி: மூவாயிரம் ரூபாய் குக்கர், நூறு ரூபாய் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் வெறும் பாத்திரம். டொயோட்டா கார்களுக்கான இந்த வால்வை ஏறக்குறைய முழுவதும் செய்தது ஐசின் என்ற கம்பெனியின் ஒரே ஆலை. 1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியற்காலையில் அந்த ஆலை எரிந்தது. டொயோட்டாவிடம் இருந்த ஸ்டாக் சில மணி நேரத்துக்கானது. தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வரவழைப்பது, கிடங்கில் அடுக்கி வைக்காமல் இருப்பது என்பதுதான் டொயோட்டா உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த முறை. அடுத்த சில நாளில் ஜப்பானில் அதன் அசெம்பிளி லைன்கள் ஏறக்குறைய எல்லாமே நின்றன.

வல்லுநர்கள் பல வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் லைன்கள் மறுபடி ஓடத் தொடங்கின. எப்படி என்றால், ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஏதோ ஒரு விதத்தில் கை கொடுத்தன. பலர் அந்த வால்வை அதற்கு முன் தொட்டதுகூட இல்லை. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூட உட்கார்ந்து வால்வு கடைந்தது. எவ்வளவு தருவீர்கள், யார் பொறுப்பு என்ற பேச்சையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் சமையல்காரர் வராமல் போனால் தெருவே கரண்டி பிடிக்குமே, அந்த மாதிரி.

ஆக, டொயோட்டாவிடம் ஸ்டாக்கும் இல்லை, இரண்டாவது சப்ளையரும் இல்லை. நல்ல உறவு இருந்தது. பல வருடம் சப்ளையர்களைக் கசக்கிப் பிழியாமல் வைத்திருந்த உறவு. இதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது. ஆனால் ஒவ்வொரு டெண்டரிலும் இரண்டு பைசாவுக்காக சப்ளையரை மாற்றும் கம்பெனிக்கு இந்த உதவி வராது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

அந்த உறவும் எட்டாத ஆழம் ஒன்று உண்டு. 2011 மார்ச் 11 பூகம்பமும் சுனாமியும் ஜப்பானைப் புரட்டிப்போட்டபோது அது வெளியே தெரிந்தது. நேரடி சப்ளையரை டொயோட்டாவுக்குத் தெரியும். அவருக்குக் கொடுப்பவரை ஓரளவு தெரியும். அவருக்கும் கொடுப்பவர் யார்? அதற்கும் கீழே?

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் கார் பெயின்ட். வெயிலில் நிறுத்திய காரின் கறுப்பிலோ சிவப்பிலோ மினுமினுவென்று ஒரு ஜொலிப்பு தெரியும் அல்லவா? அதற்காகப் பெயின்டில் ஜிராலிக் என்ற நிறமித் தூளைக் கலப்பார்கள். ஜெர்மனியின் மெர்க் கம்பெனியின் சரக்கு. அதைச் செய்யும் ஆலை உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. ஜப்பானில், ஃபுகுஷிமா மாநிலத்துக் கடலோரத்தில் ஒனஹாமா என்ற ஊரில். பூகம்பத்தில் அது நின்றது. அணு உலை விபத்தால் அந்தப் பக்கம் போவதே பெரும்பாடு. பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் ஃபோர்டு தன் டீலர்களிடம், ஒரு வகைக் கறுப்பிலும் சில சிவப்பிலும் வண்டிக்கு ஆர்டர் எடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு கார்க் கம்பெனி மூன்று நான்கு பெயின்ட் கம்பெனிகளிடம் வாங்கி, ஆபத்தைப் பிரித்து வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். அத்தனை டப்பாவுக்குள்ளும் இருந்த தூள் ஒரே ஊரிலிருந்து வந்தது. எதிர் வீட்டு சிலிண்டர் கதைதான்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி ஃபோர்டோடு சேர்ந்து செய்த வேலையில் ஒரு எளிய வழி இருக்கிறது. பூகம்பம் வருமா, வெள்ளம் வருமா, போர் வருமா என்று ஜோசியம் பார்ப்பதை முதலில் நிறுத்தச் சொல்கிறார். காரணம் எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு சப்ளையருக்கும் இரண்டு எண்களைக் கேளுங்கள். ஒன்று, அந்த ஆலை நாளை நின்றுபோனால் மறுபடி ஓட எத்தனை நாளாகும்? இதை மீளும் நாள் என்போம். இரண்டு, அது இல்லாமல் நம்மால் எத்தனை நாள் ஓட்ட முடியும்? இது தாங்கும் நாள். தாங்கும் நாள் கூடுதலாக இருந்தால் கவலையில்லை. மீளும் நாள் கூடுதலாக இருந்தால் அந்த இடைவெளிதான் உங்கள் ஆபத்து.

வீட்டுக் கணக்கில் சொன்னால், புக் செய்து சிலிண்டர் வர நான்கு நாள், இரண்டாவது சிலிண்டர் ஓடுவது நாற்பது நாள் என்றால் தாராளம். ஸ்டிரைக்கில் நாங்கள் மாட்டியதற்குக் காரணம், அந்த மாதம் பார்த்து ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இரண்டாவது சிலிண்டர் கடைசி மூச்சில் இருந்தது. தாங்கும் நாள் எப்போதும் ஒரே எண்ணாக இருக்காது. தீபாவளி மாதத்தில் ஒன்று, ஆடி மாதத்தில் ஒன்று.

இந்தக் கணக்கைப் போட்டபோது ஃபோர்டுக்குக் கிடைத்த ஆச்சரியம்தான் விஷயத்தின் உயிர்நாடி. பெரிய பணம் கொடுத்து வாங்கும் இன்ஜின் பாகம், சீட் எல்லாவற்றையும் ஏற்கெனவே நன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய இடைவெளி இருந்த பல இடங்கள், வருடத்துக்குச் சொற்பப் பணம் போகும் சின்னச் சின்னச் சப்ளையர்களிடம். பில் தொகை சிறியதாக இருப்பதால் யாரும் எட்டிப் பார்க்காத இடங்கள். வால்வு, நிறமித் தூள், கேஸ்கட் எல்லாம் அந்த ஜாதி.

டொயோட்டா 2011க்குப் பிறகு கீழ்மட்டச் சப்ளையர் வரை விவரம் திரட்டி வைத்தது. செய்து முடிக்க நீண்ட நாள் பிடிக்கும் சிப் மாதிரிப் பொருள்களை இரண்டு முதல் ஆறு மாதம் வரை கையிருப்பில் வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. ஸ்டாக்கே வைக்காதே என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த கம்பெனி இது! ஆனால் எல்லாப் பொருளுக்கும் இப்படி வைக்கவில்லை, மீளும் நாள் நீளமாக இருப்பவற்றுக்கு மட்டும். இந்தத் தேர்வுதான் புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் அடுக்கினால் கிடங்கு வாடகையும் வட்டியும் லாபத்தைத் தின்றுவிடும்.

அது 2021இல் கை கொடுத்தது. கொரோனா வந்த 2020இல் கார் விற்காது என்று நினைத்து உலகக் கார்க் கம்பெனிகள் பல, சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. சிப் ஆலைகள் அந்த இடத்தை லேப்டாப், கேம் கன்சோல் செய்பவர்களுக்குக் கொடுத்துவிட்டன. வீட்டில் அடைந்து கிடந்த ஜனங்கள் அவற்றைத்தானே வாங்கினார்கள்! எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே கார் விற்பனை எழுந்தது. கம்பெனிகள் திரும்பி ஓடி வந்தபோது வரிசையின் கடைசியில்தான் இடம் கிடைத்தது. பற்றாக்குறை என்றதும் பத்து வேண்டியவர் இருபது கேட்டார், பயத்தில் ஒரே ஆர்டரை இரண்டு மூன்று இடத்தில் போட்டார். புயல் வரப்போகிறது என்ற அன்று பால் பாக்கெட்டுக்கு நடப்பதேதான். கடைக்காரரிடம் ஆளுக்கு ஒன்று கூடுதலாகக் கேட்டால், அவர் ஏஜென்ட்டிடம் இரண்டு மடங்கு கேட்பார், ஏஜென்ட் பண்ணையிடம் மூன்று மடங்கு. நுனியில் சின்ன அசைவு, அடியில் பெரிய ஆட்டம். இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள். மற்றவர்கள் லைனை நிறுத்திய அந்த மாதங்களில் டொயோட்டா கையிருப்பை வைத்துத் தாக்குப்பிடித்தது.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், செப்டம்பர் மாத உலக உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக டொயோட்டாவும் அறிவித்தது. தென்கிழக்கு ஆசியாவில் தொற்று பரவிப் பாகம் செய்யும் ஆலைகள் மூடிக்கொண்டே போக, தாங்கும் நாள் தீர்ந்துவிட்டது. மீள்திறன் அவகாசம் வாங்கித் தரும். வாங்கிய அவகாசத்தில் என்ன செய்கிறோம் என்பது தனிக் கேள்வி.

பொருள் செய்யும் இடம் நன்றாக இருந்தும் வழி அடைபடுவது இன்னொரு வகை. 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் கிடந்ததை எல்லோரும் படம் பார்த்துச் சிரித்தோம். அதைவிடப் பெரியது சத்தமில்லாமல் வந்தது. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்க, பெரிய கப்பல் கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகப் போக ஆரம்பித்தன. ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடுதல்.

இது திருப்பூருக்கு நேராக வந்து விழும் அடி. அங்கே தைத்த பனியன் தூத்துக்குடியில் கன்டெய்னரில் ஏறி, பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறி ஐரோப்பா போகிறது. கோடைக்கால டி-ஷர்ட் கோடை முடிந்து போய்ச் சேர்ந்தால் அது பாதி விலைச் சரக்கு. தாமதம் தன் கையில் இல்லாவிட்டாலும், விமானத்தில் அனுப்பு என்று வாங்குபவர் சொன்னால் அந்த வாடகை யார் தலையில் என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரியில் இருக்கும். கையெழுத்துப் போடும் நாளில் யாரும் படிக்காத வரி. ஆபத்து மேலாண்மை என்றால் செயற்கைக்கோள் படம், பெரிய திரை என்று கற்பனை செய்கிறோம். சின்ன ஏற்றுமதியாளருக்கு அது அந்த வரியைப் படிப்பதில் ஆரம்பிக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் செய்யமாட்டேன் என்கிறார்கள்? ஸ்டாக்குக்கு ஆகும் வட்டி ஒவ்வொரு மாதமும் கணக்கில் தெரியும். வராமல் போன நஷ்டம் எந்த மாதமும் தெரியாது. இரண்டாவது சப்ளையரிடம் கொஞ்சம் அதிக விலைக்கு வாங்கிய மேனேஜரை ஆடிட்டர் கேள்வி கேட்பார். ஒரே இடத்தில் மலிவாக வாங்கியவருக்கு போனஸ் கிடைக்கும். ஐந்து வருடம் கழித்துத் தீ பிடிக்கும்போது அவர் வேறு கம்பெனியில் இருப்பார்.

நீங்கள் சின்னதாக ஒரு தொழில் நடத்துகிறீர்கள், பேக்கரியோ பிரின்டிங் பிரஸ்ஸோ, என்றால் ஒரு நோட்டை எடுத்து இதைச் செய்து பாருங்கள். வாங்கும் பொருள்களை விலைப்படி எழுதாமல், "இது இல்லாவிட்டால் நாளைக்குக் கடை ஓடுமா" என்ற வரிசையில் எழுதுங்கள். மைதாவுக்கு முன்னால் ஈஸ்ட் வந்து நிற்கலாம், கேக் அட்டைப்பெட்டி வந்து நிற்கலாம். பக்கத்தில் தாங்கும் நாள், மீளும் நாள் இரண்டையும் போடுங்கள். மூன்றாவதாக, உங்களுக்குக் கொடுப்பவர் யாரிடம் வாங்குகிறார் என்று அவரையே கேட்டு எழுதுங்கள். சொல்லத் தயங்குவார், அவர் தொழில் ரகசியம் அது. டீ வாங்கிக் கொடுத்து, விலை வேண்டாம், ஊர் பெயர் மட்டும் சொல்லுங்கள் என்று கேளுங்கள். இரண்டு வெவ்வேறு சப்ளையர்களும் ஒரே ஊரைச் சொன்னால், அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு அன்றைக்கே மூன்றாவது ஆளைத் தேடுங்கள்.